கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜாண்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கிரேன் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார வேண்டாம், கீழே மேற்பார்வை வேலை தருகிறோம் என்று அங்கே சொன்னதாகச் சொல்லியிருந்தீர்கள். தந்தார்களா? அக்காவும் பிள்ளைகளும் நன்றாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வந்து ஏழு மாதம் ஆகிறது. அதனால் நினைத்துக்கொள்ளத்தான் முடிகிறது.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். கெட்ட செய்தி எதுவும் இல்லை. போனில் பேசியிருக்கலாம்தான். மூன்று முறை அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. நான்காவது முறை அடிக்க ரோஷம் விடவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். போனில் பேசினால் பாதியில் எனக்குக் கோபம் வரும், எனக்கு வந்தால் உங்களுக்கும் வரும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அந்த வசதி எனக்கு வேண்டியிருக்கிறது.

உங்கள் தங்கைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கடையில் மெஷின்கள் ஓடும் நேரத்தில், துணி மடிக்கிற மேசை மேல் காகிதத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். மெஷின் அதிர்ந்தால் மேசையும் அதிர்கிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊர் மாறிப் போன பிறகு பக்கத்து அறையையும் சேர்த்துக்கொண்டோம். இப்போது ஆறு மெஷின், இரண்டு இஸ்திரி மேசை. நாற்சந்தியில் இருப்பதால் நான்கு பக்கத்துத் துணியும் வருகிறது. இந்த நகரத்தில் யார் எந்தக் கால்பந்து அணி என்று பத்திரிகைக்காரர்களைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். மூட்டையைப் பிரித்தால் போதும். துறைமுகச் சாலை மூட்டை என்றால் நீலம். தாத்தா கப்பலில் வந்து இறங்கிய குடும்பமாக இருக்கட்டும், அப்பா சுமை தூக்க வந்த குடும்பமாக இருக்கட்டும், வீட்டுக்கு வீடு பேசும் பாஷை வேறாக இருக்கட்டும், சட்டை மட்டும் ஒரே நீலம். ஆலைத் தெரு மூட்டை என்றால் சிவப்பு. எங்கள் ஆட்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. சாயம் போய் ரோஜா நிறத்துக்கு வந்தாலும் புதுச் சட்டை வாங்க மாட்டார்கள், பழசில்தான் ராசி என்பார்கள். சந்தைக்காரர்களுக்கு என்று தனியாக ஓர் அணி உண்டு. ஆனாலும் எதிரே நிற்கிற வாடிக்கையாளர் எந்த அணியோ அதையும் மனம் குளிரப் புகழ்ந்துவிடுவார்கள். ரயில் குடியிருப்புக்கும் மஞ்சள் சட்டையில் ஓர் அணி உண்டு, ஆனால் அங்கே நாலு வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வந்துவிடுகிறது. யாருக்கும் முழு மனதைக் கொடுக்க அவர்களுக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு எந்த அணி தோற்கிறதோ அதற்குக் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

மேட்டுப் பகுதியில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் இப்போது அதிகம். முதல் வருடம் அவர்கள் மூட்டையில் அவரவர் நாட்டு அணியின் சட்டைதான் இருக்கும். இரண்டாம் வருடம் பார்த்தால் ஒரு பிள்ளையின் சட்டை நீலமாகவோ சிவப்பாகவோ உள்ளே கிடக்கும். அப்போதெல்லாம் உங்கள் தங்கையிடம், "இன்னொரு குடும்பம் இங்கயே தங்கிடுச்சு" என்று சொல்வேன்.

போன வாரம் ஒரு கூத்து. துறைமுகச் சாலையில் வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறாரே தபால்காரர், அவர் வெள்ளைத் துணிகளுக்கு நடுவே ஒரு சிவப்புச் சட்டையைச் சுருட்டிக் கொண்டுவந்தார். "இத மட்டும் தனியா துவைங்க. தனியா மடிங்க. மாமனார் வந்து கேட்டா அப்படி ஒரு சட்டையே இல்லன்னு சொல்லிடுங்க" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். நான் மட்டும் என்ன? அவர் கட்சிதானே. கல்யாணப் பேச்சுக்காக உங்கள் வீட்டுக்கு வந்த அன்று மாமா என் வேலையைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. "ஆலைத் தெரு ஆளு. சரி. மைதானத்துல எந்தப் பக்கம் உக்காருவ?" என்று கேட்டார். "உங்க பொண்ணு எங்க உக்காருறாங்களோ அங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "உக்காரு. வாயத் திறக்கக் கூடாது" என்றார். நீங்கள் கதவோரம் நின்று, "அப்பா, ஆள் தேறிடுவாரு" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்றைக்கும் உங்களுக்கு எழுத எனக்கு மனம் வருகிறது.

ஆனால் அவள் பக்கத்தில் உட்காரும் பாக்கியம் எனக்கு அதிக நாள் கிடைக்கவில்லை. அவள்தான் மைதானத்துக்குள் போய்விட்டாளே. பெண்களுக்கு அணி இல்லாத காலத்தில் புல்தரையில் கால் வைக்க வேறு வழியில்லை என்று நடுவர் பரீட்சை எழுதினாள். பரீட்சைக்கு அவளைச் சைக்கிளில் கூட்டிப்போனது நீங்கள். வாசலில் மூன்று மணி நேரம் காத்திருந்ததும் நீங்கள்தான். அப்போது நீங்கள் துறைமுக அணியின் கேப்டன். "கேப்டன் தங்கச்சி விசில் ஊதப் போகுதாம்" என்று கிண்டல் செய்தவனின் சட்டையைப் பிடித்தீர்கள் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

(ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். இப்போது புதன்கிழமை. தொடர்கிறேன்.)

இறுதி ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு நிறையப் பேர் நிறையச் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்ததை நான் சொல்கிறேன்.

துறைமுகமும் ஆலையும் கோப்பைக்கு மோதி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எந்த நடுவர் பெயரைச் சொன்னாலும் ஏதோ ஒரு பக்கம் மறுத்தது. ரயில்வேக்காரர் வேண்டாம், அவர் தோற்கிறவனுக்கு இரக்கப்படுவார் என்றார்கள். சந்தைக்காரர் வேண்டாம், இரண்டு பக்கமும் தலையாட்டுவார் என்றார்கள். கடைசியில் உங்கள் தங்கை பெயர் வந்ததும் இரண்டு பக்கமும் உடனே சம்மதம். ஏன் தெரியுமா? துறைமுகக்காரர்கள் "நம்ம கேப்டன் தங்கச்சி" என்றார்கள். ஆலைக்காரர்கள் "நம்ம வீட்டு மருமக" என்றார்கள். இருவரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் செய்தி கேட்ட அன்று அவள் எடை நிலையத்தில் வேலையில் இருந்தாள். லாரி ஒன்று எடை மேடையில் நிற்கிறது. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "அக்கா, ஃபைனல் நீங்கதானாமே, எங்களுக்குக் கொஞ்சம் பாத்து ஊதுங்க" என்றாராம். "முதல்ல உன் லாரிய மேடை நடுவுல நிறுத்து" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அன்று மைதானத்தில் உட்கார இடமில்லை. நான் ரயில்வேக்காரர்கள் பகுதியில் போய் உட்கார்ந்தேன், வம்பே வேண்டாம் என்று. முதல் பாதியில் ஆலை அணி போட்ட ஒரு கோலை அவள் ஆஃப்சைடு என்று தள்ளிவிட்டாள். எங்கள் தெருக்காரர்கள் எழுந்து நின்று அவளைப் பேசிய பேச்சை நான் இங்கே எழுத மாட்டேன். என் சொந்தச் சித்தப்பா மகன் அதில் இருந்தான். அந்தத் தீர்ப்பு இன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் இல்லை மச்சான். ஒருவருக்குக்கூட இல்லை.

எண்பத்தெட்டாவது நிமிடம். ஆலை அணிக்காரன் அடித்த பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. துறைமுகத்தின் கோல்கீப்பர் பாய்ந்து அதை அள்ளினான். நீங்கள் போன பிறகு வந்தவன் அவன், 'சுவர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள், அப்படித் தடுப்பான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உருண்டு எழுந்தான். எல்லைக்கோட்டில் கொடி பிடித்த துணை நடுவர் ஓடிவரும்போது வழுக்கி விழுந்திருந்தார், அவர் எதையும் பார்க்கவில்லை. உங்கள் தங்கை கோல் கம்பத்துக்கு நேராகப் பக்கவாட்டில், பத்தடி தூரத்தில் நின்றிருந்தாள். விசில் ஊதினாள். கையை நீட்டி மைதானத்தின் நடுவைக் காட்டினாள். கோல்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். துறைமுக ஆட்கள் பதினொரு பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "கோட்டுக்கு வெளியதான் புடிச்சேன்!" என்று சுவர் கத்தினான். அவள் பின்னால் ஓர் அடிகூட வைக்கவில்லை. ஐந்தடி இரண்டு அங்குலம்தானே அவள் உயரம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவளுடைய கை மட்டும் மேலே தெரிந்தது, மஞ்சள் அட்டையோடு. நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ரயில்வேக்காரர் என் தோளைப் பிடித்து, "ஒக்காருங்க, அவங்க பாத்துக்குவாங்க" என்றார். அவள் பார்த்துக்கொண்டாள்.

ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை ஆலைக்கு.

ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. நான் ஆலைத் தெருவில் பிறந்தவன். வீட்டுக்கு வந்ததும் என்னையும் மீறி முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது. பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க சிரிச்சீங்கன்னா நான் தப்பு பண்ண மாதிரி ஆயிடும்" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் உங்கள் தங்கை எப்படிப்பட்டவள் என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்திவிட்டு அன்றைக்குப் புரிந்தது என்றால் என்னை என்ன சொல்வது!

மறுநாள் காலை ஆலை அணியின் நிர்வாகிகள் பூங்கொத்தும் இனிப்புப் பெட்டியுமாக வீட்டு வாசலுக்கு வந்தார்கள். "மருமக மானத்தக் காப்பாத்திட்டா" என்று பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார். அவள் கதவைப் பாதி திறந்து நின்றபடியே, "நான் உங்களுக்குக் குடுக்கலைங்க. பந்து உள்ள போச்சு, ஊதினேன். அது இந்தப் பக்கம் போயிருந்தா அவங்களுக்கு ஊதியிருப்பேன். இத எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள். அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. அதோடு எங்கள் தெருவும் அவளிடம் பேச்சை நிறுத்திக்கொண்டது. துறைமுகம் அதற்கு முந்தின நாளே நிறுத்தியிருந்தது. மச்சான், இந்த நகரத்தில் நாலு பக்கமும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஆலையும் துறைமுகமும் ஒத்துப்போன ஒரே விஷயம் உங்கள் தங்கையோடு பேசக் கூடாது என்பதுதான்.

எடை நிலையத்தில் அவளோடு பத்து வருடமாக ஒரே மேசையில் தேநீர் குடித்தவர்கள் தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்களாம். லாரிக்காரர்கள் சீட்டை வாங்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லையாம். கடைக்கு நீல மூட்டைகள் வருவது நின்றது. "புருஷன் வீட்டுப் பக்கம் சாஞ்சுட்டா" என்று துறைமுகச் சாலையில் சுவரில் எழுதினார்கள். அவள் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள். வேறு வழியாகப் போ என்றேன். "அது சுத்து வழி. பஸ்ஸு போயிடும்" என்றாள். அவ்வளவுதான்.

உங்கள் மருமகளையும் பள்ளியில் சும்மா விடவில்லை. அவள் ரயில்வே அணி என்று உங்களுக்குத் தெரியுமா? அவளுடைய உயிர்த்தோழி ரயில் குடியிருப்பில் இருக்கிறாள், அதுதான் காரணம். நீலமும் சிவப்புமாகப் பிறந்த பிள்ளை மஞ்சளில் போய் நிற்கிறது. ஒரு பையன் அவளிடம், "உங்கம்மா ஏமாத்துக்காரி" என்றிருக்கிறான். இவள் பைக்குள் இருந்த விசிலை எடுத்து அவன் காதருகே ஊதி, நோட்டு அட்டையைக் கிழித்துச் சிவப்பு அட்டை காட்டியிருக்கிறாள். ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். திட்டப்போகிறார் என்று போனோம். அவர், "சிவப்பு அட்டை கொஞ்சம் அதிகம், மஞ்சளே போதும்னு சொல்லிவைங்க" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு உங்கள் தங்கை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு விசாரணை வந்தது.

நடுவரை நிரந்தரமாக நீக்க வேண்டும், ஆட்டத்தைத் திரும்ப நடத்த வேண்டும் என்று துறைமுக அணி லீக் அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தது. மாடியில் ஒரு நீளமான அறை. மூன்று பேர் கொண்ட குழு. ஒரு பக்கம் துறைமுகச் செயலாளரும் ஆட்டக்காரர்களும். எதிர்ப்பக்கம் உங்கள் தங்கை தனியாக. கொடி பிடித்தவரைக் கேட்டார்கள், விழுந்ததால் பார்க்கவில்லை என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. நான் பின்வரிசையில், ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். உங்கள் அப்பா சொன்ன மாதிரியே.

அப்போது செயலாளர் ஒரு கடிதத்தை எடுத்தார். மச்சான், அதில் என்ன எழுதியிருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முழுவதையும் படித்தார். 'என் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு மாறிவிட்டாள்' என்ற வரியையும் படித்தார். 'துறைமுக அணியில் பெண்களுக்கு இடமில்லை என்ற கோபம் சின்ன வயதிலிருந்தே அவள் மனதில் உண்டு' என்ற வரியையும் படித்தார். அதை எழுதும்போது உங்களுக்கு என்ன கோபம் இருந்ததோ எனக்குத் தெரியாது. தோல்வி தூரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக வலிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தட்டிக்கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது, ஆறுதல் சொல்லவும் இருக்காது. நான் உங்களைக் குற்றம் சொல்ல உட்காரவில்லை. அன்றைக்குக் கோபப்பட்டேன். அது உண்மைதான். அதை ஒளிக்க மாட்டேன்.

குழுத் தலைவர் கடிதத்தை அவளிடம் நீட்டி, "இது உங்க அண்ணன் கையெழுத்துதானா?" என்று கேட்டார். பார்த்தாள். "ஆமா, அவர் கையெழுத்துதான்" என்றாள். "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. "அண்ணன் அன்னைக்கு மைதானத்துல இல்லைங்க. அதான் இப்படி எழுதியிருக்கார். என் இடத்துல அவர் நின்னிருந்தா அவருக்கும் அது கோலாத்தான் தெரிஞ்சிருக்கும். அவருக்குக் கண்ணு ரொம்ப நல்லா இருக்கும். தெரிஞ்சுட்டு மாத்திச் சொல்ற ஆளு இல்ல அவர்."

உட்கார்ந்துவிட்டாள். உங்கள் மேல் ஒரு குறை சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் உங்களுக்காகத்தான் சாட்சி சொன்னாள். அவளுக்காக ஒரு வரி சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்து கோல்கீப்பரைக் கூப்பிட்டார்கள். செயலாளர் அவனுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருந்தார், அது எல்லோருக்கும் தெரிந்தது. அவன் எழுந்தான். கையைப் பிசைந்தான். ஆறடி ஆள், அந்த அறையில் எங்கே நிற்பது என்று தெரியாதவன் மாதிரி நின்றான். "உள்ள போயிடுச்சு" என்றான். செயலாளர், "என்னடா?" என்றார். "உள்ள போயிடுச்சுங்க. ஒரு ஜாண் உள்ள. நான்தான் இழுத்துட்டு வெளிய வந்தேன். அக்கா சரியாத்தான் ஊதினாங்க" என்றான். கையை விரித்துக் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காட்டினான். அவனுடைய ஜாண் என்றால் சாதாரண ஜாண் இல்லை, நீங்கள் பார்க்க வேண்டும்.

அறை கொந்தளித்துவிட்டது. துறைமுகக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு வெளியே அழைத்துப்போனார்கள். குழு புகாரைத் தள்ளிவிட்டது. துறைமுக அணி அவனை ஐந்து ஆட்டம் வெளியே உட்கார வைத்தது. இன்றைக்கும் அவன் தெருவில் பாதிப்பேர் அவனோடு பேசுவதில்லை. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். சுவரில் எழுதியதை யாரும் அழிக்கவில்லை, மழைதான் அழித்தது.

ஆனால் இரண்டு வாரம் கழித்து அவன் கடைக்கு வந்தான். துறைமுக அணியின் பயிற்சிச் சட்டைகள் மொத்தத்தையும் ஒரு பெரிய மூட்டையாகத் தோளில் தூக்கிக்கொண்டு, பட்டப்பகலில், சந்தியின் நடுவிலேயே நடந்து வந்தான். துவைக்கப் போடும் பொறுப்பைத் தண்டனையாக அவனுக்குக் கொடுத்திருந்தார்களாம். "எங்க போடணும்னு அவங்க சொல்லல" என்றான். தேநீர் கொடுத்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று நானாகக் கேட்கவில்லை, அவனே சொன்னான். "பொய் சொல்லணும்னுதான் வந்தேன் அண்ணே. கேப்டன் கடுதாசி படிச்சப்போகூடச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அக்கா எந்திரிச்சு, 'அண்ணனுக்குக் கண்ணு நல்லா இருக்கும்'னு சொன்னாங்க பாருங்க, அதுக்கப்புறம் என்னால முடியல." உங்களைப் போலவே ஆக வேண்டும் என்றுதான் சின்ன வயதில் மைதானத்துக்கு வந்தானாம். உங்களைப் பற்றி இன்னும் கேட்டான். நன்றாக இருக்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

அவனுக்குப் பின்னால் ஒன்றிரண்டாக நீல மூட்டைகள் திரும்பி வர ஆரம்பித்தன. எடை நிலையத்தில் ஒருநாள் ஒருத்தி தம்ளரோடு திரும்பி வந்து உட்கார்ந்தாளாம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "ஆறிடப் போகுது, குடி" என்றாளாம். புதிய பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அவள் மைதானத்துக்குள் ஓடிவந்தபோது மேட்டுப் பகுதிப் பிள்ளைகள்தான் முதலில் கத்தினார்கள், "விசில் அக்கா! விசில் அக்கா!" என்று. அவர்களுக்கு இந்த நீலம் சிவப்புச் சண்டை பாதிதான் புரியும். பிறகு ரயில்வே பகுதி கத்தியது. பிறகு ஆலைப் பகுதியில் கொஞ்சம். துறைமுகப் பகுதியில் கத்தவில்லை. ஆனால் இறுதி ஆட்டத்தன்று போல யாரும் ஏசவும் இல்லை. வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு நான் கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தேன், அடைத்தது வீண்போகவில்லை.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தேசிய நடுவர் குழுவுக்கு இந்த நகரத்திலிருந்து இதுவரை ஒருவரும் போனதில்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. உங்கள் தங்கையை எடுத்திருக்கிறார்கள். விசாரணைக் குழுவின் தலைவரே அவள் பெயரை எழுதி அனுப்பினார் என்று பிறகுதான் தெரிந்தது. தாள் வந்த அன்று அதை என்னிடம் கொடுத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். நான்தான் நாலு முறை படித்தேன். பிறகு இஸ்திரி மேசையில் விரித்து, இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து மடிப்பை நீக்கினேன். துணிக்குத்தான் செய்வேன், தாளுக்கு இதுதான் முதல் தடவை. இரண்டு நாளைக்குக் கடைக்கு வந்த எல்லோருக்கும், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், அதைக் காட்டினேன். ஆலைத் தெருக்காரர்கள் "நம்ம மருமக" என்றார்கள். துறைமுகச் சாலைக்காரர்கள் "நம்ம கேப்டன் தங்கச்சி" என்றார்கள். மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள் பாருங்கள்! இந்தத் தடவை நான் திருத்தவில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவளுடைய முதல் தேசிய ஆட்டம் வருகிற மாதம் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. எந்த நகரத்தில் தெரியுமா? நீங்கள் இருக்கும் நகரத்தில். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் என்று வரைபடத்தில் பார்த்துவைத்திருக்கிறேன். அவள் உங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள். "அண்ணனுக்குச் சொல்லலாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "அவருக்கு ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட் இருக்கும்" என்றாள். ஆறு வருடமாக ஞாயிறு உங்களுக்கு விடுமுறை என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

விளையாடப்போவது நமக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு அணிகள். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. யார் ஜெயித்தாலும் நமக்கு ஒன்றும் இல்லை. அதனால் நீங்கள் வந்து உட்கார ஒரு தடையும் இல்லை. மேற்குப் பக்கப் படிகளில் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்காது. ஆட்டம் நடக்கும்போது அவள் கூட்டத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டாள், அப்படிப் பார்ப்பது அவள் வழக்கம் இல்லை. நீங்கள் அவளைப் பார்க்கலாம். அவள் ஓடுவதைப் பாருங்கள் மச்சான். நாற்பதை நெருங்குகிறவள் ஓடுகிற ஓட்டமா அது என்று உங்களுக்கே தோன்றும். அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டி வந்தால் இன்னும் நல்லது.

நானும் உங்கள் மருமகளும் வர முடியாது, அவளுக்கு அந்த வாரம் பரீட்சை. அந்த மைதானத்தில் அவளுக்கென்று ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் மேற்கு வாசல் வழியாகத்தான் வெளியே வருவார்களாம், விசாரித்துவிட்டேன். அங்கே நின்றுகொள்ளுங்கள். விசாரணையில் படித்த அந்தக் கடிதத்தைப் பற்றி நீங்கள் எதுவும் பேச வேண்டாம். அவளும் கேட்க மாட்டாள். அவள் அண்ணன் கண்ணுக்கு ஆட்டம் எப்படித் தெரிந்தது என்று மட்டும் சொல்லுங்கள். நன்றாக ஊதினாள் என்றால் நன்றாக ஊதினாய் என்று சொல்லுங்கள். எங்காவது தப்பாக ஊதினாள் என்றால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள்.

உங்கள் முதுகு சீக்கிரம் குணமாகட்டும். உங்கள் வீட்டில் எல்லோரும் நிறைவாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள், வாசலில் கூட்டம் அதிகமாக இருக்குமாம்.

என்றும் உங்கள் அன்பை மறக்காத,
உங்கள் மாப்பிள்ளை